நெற்றியில் வீங்கிய கொழுக்கட்டை

பாட்டி கதை சொல்லும்போது கேட்கிற பிள்ளைக்கும் ஒரு வேலை உண்டு. 'ம்' கொட்ட வேண்டும். 'ம்' நின்றால் கதையும் நிற்கும். "தூங்கிட்டியா?" என்று ஒரு கேள்வி வரும். பதில் இல்லையென்றால் மீதிக் கதை நாளைக்கு. அச்சில் வந்த கதைக்கு இந்த 'ம்' கிடையாது. பிள்ளை எங்கே பயந்தது, எங்கே சிரித்தது, எங்கே கவனத்தை விட்டது என்பதெல்லாம் புத்தகத்துக்குத் தெரியாது. வகுப்பில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வரிவரியாக வாசிப்பவரைவிட, மூடி வைத்துவிட்டுச் சொல்கிறவருக்குத்தான் பிள்ளைகள் காது கொடுக்கிறார்கள். அதற்காகக் கதையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எங்கே தொடங்குகிறது, எது திரும்பத் திரும்ப வருகிறது, எங்கே திருப்பம், எங்கே நிறுத்துவது என்ற நான்கும் நினைவில் இருந்தால் போதும். மற்றதெல்லாம் வாயில் தானாக வந்துவிடும்.

*

கொழுக்கட்டைக் கதையைத் தெரியாத ஊர் தமிழ்நாட்டில் இருக்காது. ஆனாலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். இந்தக் குறிப்புகள் தொடங்குவது அதிலிருந்துதான்.

ஒருவன் மாமியார் வீட்டுக்குப் போகிறான். கொழுக்கட்டை வைக்கிறார்கள். அதற்கு முன் அவன் தின்றதே இல்லை. "இது என்ன அத்தை?" "கொழுக்கட்டை மாப்பிள்ளை. உங்க வீட்டுக்காரிக்கு நல்லாச் செய்ய வருமே." பேரை மறந்துவிடக் கூடாதென்று 'கொழுக்கட்டை, கொழுக்கட்டை' என்று சொல்லிக்கொண்டே ஊருக்கு நடக்கிறான். குறுக்கே ஒரு வாய்க்கால். 'அத்திரிபாச்சா!' என்று ஒரே தாவு. அக்கரையில் கால் ஊன்றும்போது வாயில் அத்திரிபாச்சாதான் மிச்சம். அதையே சொல்லிக்கொண்டு வீடு வந்து சேர்கிறான். "உடனே எனக்கு அத்திரிபாச்சா செஞ்சு போடு." "அப்படி ஒரு பண்டமே கிடையாதே." "உங்கம்மா உனக்குத் தெரியும்னு சொன்னாளே!" பேச்சு முற்றுகிறது. கையில் கிடைத்ததை எடுத்து அடித்துவிடுகிறான். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரி, "அடப்பாவி, புள்ள நெத்தி கொழுக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சே!" என்கிறாள். "அதேதான்! அதைத்தான் கேட்டேன்!" என்று அவன் குதிக்கிறான்.

பிள்ளைகளுக்கு இது ஏன் இவ்வளவு பிடிக்கிறது? கடைக்கு அனுப்பப்படுகிற ஒவ்வொரு பிள்ளையும் 'கால் கிலோ துவரம் பருப்பு, கால் கிலோ துவரம் பருப்பு' என்று சொல்லிக்கொண்டே தெருவில் ஓடியிருக்கிறது. வழியில் ஒரு நாய், ஒரு நண்பன், ஒரு பள்ளம். பருப்பு காலி.

சிக்கல் அந்த அடியில் இருக்கிறது. மனைவியை அடிப்பதைச் சிரிப்பாகச் சொல்லும் கதையை ஒன்பது வயதுப் பிள்ளைகள் முன்னால் எப்படிச் சொல்வது? அந்த வகுப்பில் சில பிள்ளைகள் அதை வீட்டிலேயே பார்த்தவர்கள். கதையையே விட்டுவிடலாம் என்பது ஒரு கட்சி. பாட்டி சொன்னபடிதான் சொல்ல வேண்டும், கை வைக்கக் கூடாது என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. கதையைத் தாங்கி நிற்பது வீக்கம்தான், அடி இல்லை. நெற்றி வீங்கியாக வேண்டும், அது கொழுக்கட்டை மாதிரி இருக்கிறது என்று யாராவது சொல்லியாக வேண்டும். அந்த நெற்றி யாருடையதாக இருந்தாலும் கதை நிற்கும். சின்ன வகுப்புகளில் நான் அவனையே இடித்துக்கொள்ள வைக்கிறேன். கோபத்தில் விறுவிறுவென்று உள்ளே போகிறவன் குனிய மறந்து நிலையில் மோதிக்கொள்கிறான். மனைவி ஓடிவந்து பார்த்து, "ஐயோ, கொழுக்கட்டை மாதிரி வீங்கிடுச்சே!" என்கிறாள். முன்பு பக்கத்து வீட்டுக்காரிக்குப் போன கடைசி வரி இப்போது அவளுக்கு வந்துவிடுகிறது. இந்த வடிவம் பழையதைவிட நன்றாகவே இருக்கிறது என்பது என் துணிபு.

எட்டாம் வகுப்புக்கு மேல் பழைய வடிவத்தையே சொல்லலாம், சொல்லவும் வேண்டும். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஒரு பெண் கேட்டாள்: "அப்புறம் அந்தம்மா கொழுக்கட்டை செஞ்சு குடுத்தாங்களா சார்?" கதை அதைச் சொல்லவில்லை என்றேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. மணி அடித்த பிறகும் ஓயவில்லை.

*

மாற்றத் துணிவதற்கு முன் ஒரு கதை எதில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது தெரியாமல் கை வைத்தால் கதை செத்துவிடும். தெரிந்து வைத்தால் பிழைக்கும். பாட்டிமாரும் அப்படித்தான் மாற்றினார்கள். ஒரே கதையை இரண்டு பாட்டிகள் ஒரே மாதிரி சொல்லி யார் கேட்டிருக்கிறார்கள்?

*

தயங்காமல் எடுத்துவிட வேண்டிய ஒன்றும் உண்டு. முட்டாள் கதைகளில் முட்டாளுக்கும், கஞ்சன் கதைகளில் கஞ்சனுக்கும், திருட்டுக் கதைகளில் திருடனுக்கும் ஒட்டிவைத்திருக்கும் சாதிப் பெயர்கள். எந்தக் கதையும் அதில் நிற்பதில்லை. 'ஒரு ஊர்ல ஒருத்தன்' என்றால் ஒன்றும் குறைந்துவிடாது. ஆய்வுக்காகச் சேகரிப்பவர் சொன்னது சொன்னபடி பதிய வேண்டும், அது அவர் கடமை. வகுப்பறை ஆய்வுக்கூடம் இல்லை.

*

அணில் கதை எல்லோருக்கும் தெரியும். சேது கட்டும்போது அணில் கடலில் நனைந்து, மணலில் புரண்டு, உடம்பில் ஒட்டிய மணலைப் பாலத்தில் உதறியது. ராமர் தடவிக் கொடுத்தார். முதுகில் மூன்று கோடு. வால்மீகியில் இது கிடையாது. நம் பக்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வார் 'திருமாலை'யில் அந்த அணிலைச் சொல்கிறார். இதில் எனக்குப் பிடித்த விஷயம் விலங்கியல். தென்னிந்தியாவில் வீட்டைச் சுற்றி ஓடுகிற அணிலுக்கு முதுகில் மூன்று கோடு, வட இந்தியாவில் அதிகம் காணப்படும் இனத்துக்கு ஐந்து. கதை நம் ஊர் அணிலுக்குத்தான் பொருந்துகிறது. சொல்லி முடித்ததும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பள்ளி வளாகங்களில் ஒரு சாட்சி ஓடிக்கொண்டிருக்கும்.

*

கதைக்கு அடியில் 'நீதி:' என்று போட்டு ஒரு வரி எழுதும் வழக்கம்.

பஞ்சதந்திரத்தை எடுத்துக்கொள்வோம். மகிளாரோப்பிய நகரத்து அமரசக்தி என்ற அரசனுக்குப் படிப்பு ஏறாத மூன்று மகன்கள். ஆறு மாதத்தில் தேற்றிக் காட்டுகிறேன் என்று விஷ்ணுசர்மன் ஏற்றுக்கொள்கிறார். அவர் சொல்லிக்கொடுத்தது ஒழுக்கம் இல்லை. அரசாளும் சாமர்த்தியம், பிழைக்கும் தந்திரம். முதல் தந்திரமே நட்பைப் பிரிப்பது எப்படி என்பதுதான். பிங்கலகன் என்ற சிங்கமும் சஞ்சீவகன் என்ற எருதும் உயிர் நண்பர்களாகிவிடுகின்றன. தமனகன் என்ற நரிக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பக்கம் ஒரு பொய், அந்தப் பக்கம் ஒரு பொய். கூட்டாளி நரி கரடகன் எவ்வளவோ புத்தி சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் சிங்கம் எருதைக் கொல்கிறது. தமனகனுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அரசனைத் தேற்றிவிட்டு மந்திரியாகச் சௌக்கியமாக இருக்கிறான்.

இந்த முடிவை நம்மைப் போலவே பொறுத்துக்கொள்ள முடியாத ஒருவர் 8ஆம் நூற்றாண்டில் இருந்தார். பாரசீகத்தின் பகலவி மொழிக்குப் போயிருந்த இந்நூலை அரபியில் 'கலீலா வ திம்னா' என்று எழுதிய இப்னு அல்-முகஃப்பா. கரடகன்தான் அங்கே கலீலா, தமனகன் திம்னா. வடமொழி மூலத்தில் இல்லாத ஒரு விசாரணைப் படலம் அரபியில் இருக்கிறது. திம்னா பிடிபடுகிறான், விசாரிக்கப்படுகிறான், தண்டனை பெறுகிறான். அறம் வென்றது. கதையின் சுரீர் போய்விட்டது.

தமிழில் தாண்டவராய முதலியார் 1826இல் பஞ்சதந்திரத்தை உரைநடையில் கொண்டுவந்தார். சென்னைக் கல்விச் சங்கத்தில் தமிழ் கற்பித்தவர் அவர். அது பாடநூலாகவும் புழங்கியது. பாடநூல் என்று ஆனதும் தேர்வு வரும், தேர்வு வந்ததும் 'இக்கதையால் அறியப்படும் நீதி யாது?' என்ற கேள்வி வரும். தீய நண்பர்களை நம்பாதே என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் கதை கேட்பது அதையல்ல. சிங்கம் ஏன் எருதிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்கவில்லை? எருது ஏன் சிங்கத்திடம் போய்ப் பேசவில்லை? ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இதைக் கேட்கும், கேட்க விட்டால். தமனகன் தப்பித்துக்கொண்டானே என்ற எரிச்சலோடு பிள்ளை வீட்டுக்குப் போகட்டும். அந்த எரிச்சலைவிடப் பெரிய பாடத்தை எந்த வரியாலும் எழுதிவிட முடியாது.

*

நீதி வரிக்கு மாற்று வேண்டும் என்றால் நம்மிடமே இருக்கிறது. வேதாளம்.

விக்கிரமாதித்தன் முருங்கை மரத்திலிருந்து வேதாளத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறான். வேதாளம் கதை சொல்கிறது, முடிவில் ஒரு கேள்வி கேட்கிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்கே போய்விடும். கதை சொல்லிக் கேள்வி கேட்கும் முறையை இதைவிடக் கூர்மையாக யாரும் யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். 11ஆம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் எழுதிய 'கதாசரித்சாகர'த்தில் இந்த 25 கதைகளும் இருக்கின்றன. அங்கே அரசன் பெயர் திரிவிக்கிரமசேனன்.

அதில் தலை மாறிய கதை ஒன்று. காளி கோயிலில் ஒரு பெண்ணின் கணவனும் அவள் அண்ணனும் ஒருவர் பின் ஒருவராகத் தலையைக் கொடுத்துவிடுகிறார்கள். தேவி இரங்கி, தலைகளை ஒட்டவை, எழுந்துகொள்வார்கள் என்கிறாள். அந்தப் பெண் பதற்றத்தில் மாற்றி ஒட்டிவிடுகிறாள். இப்போது யார் கணவன்? தலை யாருடையதோ அவனே என்கிறான் அரசன், உறுப்புகளில் தலைதானே தலைமை. இந்தக் கதையை வைத்து ஜெர்மன் மொழியில் தாமஸ் மன் 1940இல் ஒரு குறுநாவல் எழுதினார். அதிலிருந்து கிரீஷ் கர்னாட் கன்னடத்தில் 'ஹயவதனா' நாடகம் எழுதினார். ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொல்லி, அரசனின் பதிலைச் சொல்லாமல் நிறுத்திப் பாருங்கள். "கைரேகை யாருது சார்? ஆதார்ல எது வரும்?" என்று ஒரு பையன் கேட்டான். விக்கிரமாதித்தன் யோசிக்காத கோணம்.

வேதாளத்தை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்தது 'அம்புலிமாமா'. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947இல் தொடங்கிய பத்திரிகை. 25 கதைகள் தீர்ந்துபோன பிறகும் வேதாளம் ஓயவில்லை. புதுக்கதைகளை எழுதி அதன் வாயில் போட்டுப் பல்லாண்டு ஓட்டினார்கள். ஓவியர் சங்கர் வரைந்த அந்த அரசன், உருவிய வாள், தோளில் தொங்கும் உடல். இன்றைக்கு ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் விக்கிரமாதித்தன் எப்படி இருப்பான் என்று கேட்டால் அந்தப் படத்தைத்தான் வர்ணிப்பார்கள்.

*

சின்ன வகுப்புக்கு எப்போதும் கைகொடுக்கும் கதை பரமார்த்த குரு. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். எழுதியவர் இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார் வீரமாமுனிவர். பெஞ்சமின் பாபிங்டன் 1822இல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார்.

ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பார்க்க எரிகிற கொள்ளியைத் தண்ணீரில் வைக்கிறார்கள். சீறுகிறது. ஆகவே விழித்திருக்கிறது. பிறகு அணைந்த கொள்ளியை வைக்கிறார்கள். சத்தமில்லை, தூங்கிவிட்டது. ஆற்றைக் கடந்ததும் எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ண, ஆறு பேர் ஐந்து பேராகிறார்கள். ஒருவனை ஆறு விழுங்கிவிட்டது என்று அழுகை. எண்ணத் தெரியாத முட்டாள்கள் கதை இங்கிலாந்திலும் இருக்கிறது, உலகின் வேறு பல பகுதிகளிலும் இருக்கிறது. அப்போதுதான் எண்ணக் கற்ற பிள்ளைகளுக்கு இது கொடுக்கும் பெருமிதம் பெரிது. "உன்னை எண்ணலடா!" என்று வகுப்பே கத்தும். கதையில் வரும் பெரியவர்களைவிடத் தான் புத்திசாலி என்று ஒரு பிள்ளை உணர்கிற நேரம் பள்ளிக்கூடத்தில் அதிகம் வாய்ப்பதில்லை.

*

தெனாலிராமனுக்குக் காளி ஆயிரம் தலையோடு காட்சி கொடுக்கிறாள். அவன் சிரிக்கிறான். ஏன் சிரிக்கிறாய்? எனக்கு ஒரு மூக்கு, சளி பிடித்தால் துடைக்க இரண்டு கை போதவில்லை, தாயே, உனக்கு எப்படி? பக்திக்கும் கிண்டலுக்கும் இடையில் நம் கதை மரபு வேலி போட்டதில்லை என்பதற்கு இது ஒன்றே போதும். மழைக்காலத்தில் சொல்லுங்கள். வகுப்பில் பாதி மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்.

*

பாட்டி வடை சுட்ட கதையில் பாட்டிக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. காக்கை எடுத்தது, நரி தின்றது. முதல் போட்டது கிழவி. ஈசாப்பில் அது பாலாடைக்கட்டி, கிழவி கிடையாது. புத்த ஜாதகக் கதைகளில் இதற்கு ஒரு பங்காளி உண்டு. நாவல் மரத்தில் காக்கை, கீழே நரி. நரி புகழ்கிறது. காக்கையும் பதிலுக்கு நரியைப் புகழ்ந்து, கிளையை உலுக்கிப் பழம் போடுகிறது. இரண்டும் மாறிமாறிப் பொய் சொல்லிக்கொள்வதைப் பொறுக்காத மரத்துத் தேவதை இரண்டையும் விரட்டிவிடுகிறது. பெரியவர்களின் கூட்ட மேடைகளைப் பார்த்திருக்கும் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும்.

*

சோகக் கதைகளைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்க வேண்டுமா?

பார்ப்பனி கீரியைக் கொன்ற கதை. பிள்ளையைக் காவல் காத்த கீரி, தொட்டிலுக்கு வந்த பாம்பைக் கொன்றுவிட்டு வாயெல்லாம் ரத்தத்தோடு வாசலுக்கு ஓடிவருகிறது. தண்ணீர்க் குடத்தோடு வந்த தாய், பிள்ளையைத்தான் கடித்துவிட்டது என்று நினைத்துக் குடத்தைப் போட்டுக் கொன்றுவிடுகிறாள். பஞ்சதந்திரத்தில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் இருக்கிறது. அங்கே அவள் கணவன் அவளை விட்டு வடக்கே போய்விடுகிறான், கோவலன்தான் பொருள் கொடுத்து அந்தக் குடும்பத்தைச் சேர்த்துவைக்கிறான். பிரான்சில் லியோன் பக்கத்துக் கிராமத்தார், இப்படிப் பாம்பிடமிருந்து பிள்ளையைக் காத்து அநியாயமாகச் செத்த கினிஃபோர் என்ற வேட்டை நாயைப் புனிதராகவே கும்பிட்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் ஒரு பாதிரியார் அதைக் கண்டு கொதித்து எழுதிவைத்திருக்கிறார். வேல்ஸ் நாட்டிலும் இதே கதை. நாயின் பெயர் கெலர்ட், பாம்புக்குப் பதில் ஓநாய். பெத்கெலர்ட் என்ற ஊரில் அதன் கல்லறை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள்.

இவ்வளவு ஊர்களில், இவ்வளவு நூற்றாண்டுகளாக ஒருவரும் அந்தப் பிராணியைப் பிழைக்கவைக்கவில்லை. நாமும் வைக்க வேண்டாம். கீரி மயக்கம் தெளிந்து எழுந்துவிட்டது என்று முடிக்கும் பதிப்புகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். பிள்ளைகள் அழுதால் அழட்டும். கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் இருப்பார்கள், பிறகு யாராவது ஒருவர் 'ஒரு நிமிஷம் உள்ள போய்ப் பாத்திருக்கலாம்ல' என்பார்கள்.

நல்லதங்காள் வேறு. ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளித் தானும் விழுகிறாள். விருதுநகர் மாவட்டம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. அந்தக் கதையை நடுராத்திரியில் பாட்டிகள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் உண்டு. பத்து வயதுக்குள் அது வேண்டாம் என்பேன். பிள்ளை தன் தாயையே கண்டு பயப்படும்படி ஆகக் கூடாது.

*

சித்தி கொடுமைக் கதைகள். கிரிம் சகோதரர்கள் 1812இல் முதல் தொகுதியை வெளியிட்டபோது பனிவெள்ளை கதையில் மகளைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாய். பின்னால் வந்த பதிப்புகளில் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். தாயின் புனிதம் காப்பாற்றப்பட்டது, பழி சித்தி தலையில் விழுந்தது. நம் கதைகளிலும் சித்தி என்றாலே சூடு போடுகிறவள். வகுப்பில் சித்தியிடம் வளரும் பிள்ளை எப்படியும் ஒன்றாவது இருக்கும். நான் இந்தக் கதைகளைச் சொல்வதில்லை. சொல்ல வேறு கதையா இல்லை?

*

ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு குகை, குகைக்குள் கூண்டு, கூண்டுக்குள் கிளி, கிளிக்குள் அரக்கனின் உயிர். ருஷ்யாவின் கொஷ்சேய்க்கு உயிர் ஊசி முனையில், ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள். இதைச் சொல்லும்போது பிள்ளைகள் "ஹாரி பாட்டர்ல வர்ற ஹார்க்ரக்ஸ்!" என்கிறார்கள். ஆமாம், அதேதான். யார் யாரிடம் எடுத்தார்கள் என்ற வழக்குக்குள் போக வேண்டாம்.

*

ஏ. கே. ராமானுஜனின் 1991ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஒரு தமிழ்க் கதை இருக்கிறது. ஒரு கைம்பெண். மகன்களும் மருமகள்களும் படுத்தும் பாட்டைச் சொல்லி அழ ஆளில்லை. சொல்லாத துக்கமெல்லாம் உடம்பில் சேர்ந்து பருத்துக்கொண்டே போகிறாள். அதற்கும் கேலி. ஒருநாள் ஊர்க்கோடியில் இடிந்துகிடந்த வீட்டுக்குள் போய், முதல் மகனைப் பற்றி ஒரு சுவரிடம் சொல்கிறாள். சுவர் பாரம் தாங்காமல் விழுகிறது. அவள் கொஞ்சம் இளைக்கிறாள். மூத்த மருமகளைப் பற்றி இன்னொரு சுவரிடம். அதுவும் விழுகிறது. நான்கு சுவரும் விழுந்த பிறகு லேசாக வீட்டுக்கு நடக்கிறாள்.

அவ்வளவுதான் கதை. மகன்கள் திருந்தவில்லை, மருமகள்களுக்குத் தண்டனை இல்லை. 'நீதி:' என்று போட்டு இதற்கு அடியில் எதையாவது எழுத முடியுமா என்று முயன்று பாருங்கள். பதினான்கு வயதுக்கு மேல் இதைச் சொல்லலாம். கேட்டுவிட்டு மௌனமாக இருக்கும் பிள்ளையைத் துருவ வேண்டாம்.

*

கி. ராஜநாராயணன் கதைகளைப் பேச்சு வழக்கிலேயே எழுதினார். இடைசெவல்காரர், கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தவர், பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டார் கதைகளைச் சேகரித்தார். அவர் எழுதியதை வாய்விட்டுப் படித்தால் ஒரு ஆள் எதிரில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கும். நம் பாடநூல்கள் அதே கதையை 'கூறினான்', 'வினவினான்', 'மகிழ்ச்சியுற்றான்' என்று சலவை செய்துவிடுகின்றன. நாட்டுப்புறக் கதையில் யாரும் வினவியதில்லை. எழுத்துத் தமிழைக் கற்றுக்கொடுக்க ஆயிரம் பாடங்கள் இருக்கின்றன. கதை தன் சொந்த வாயால் பேசட்டும்.

2023இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்கள் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளில் வந்தன. கையடக்கமான தாள்கள், பெரிய எழுத்து, படம். பாடநூல் பாரம் இல்லாத வாசிப்பு என்பதால் எனக்கு அவை பிடிக்கும். ஆனால் புத்தகம் வந்துவிட்டது என்பதற்காக வாயால் சொல்வதை நிறுத்திவிடக் கூடாது.

*

நடேச சாஸ்திரி 1880களில் தென்னிந்தியக் கதைகளைத் தேடிச் சேர்த்து வெளியிட்டார். ஆங்கிலத்தில். அவற்றில் சிலவற்றை ஜோசப் ஜேக்கப்ஸ் 1892இல் லண்டனில் வந்த தன் இந்தியக் கதைத் தொகுப்பில் சேர்த்துக்கொண்டார். தமிழ்ப் பாட்டிகளின் கதைகளை இங்கிலாந்துப் பிள்ளைகள் அழகான படங்களோடு படித்தார்கள்.

இப்போது ஆளுக்கு ஒரு கைப்பேசி இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது வீட்டில் இருக்கிற மூத்தவரிடம் ஒரு கதை கேட்டு, குரலைப் பதிவுசெய்யுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து 'ம்' கொட்டச் சொல்லுங்கள், வெறும் கைப்பேசியைப் பார்த்து யாருக்கும் கதை வராது. பிறகு அதைக் காகிதத்தில் எழுதும்போது சொன்னவர் பெயர், வயது, ஊர், அவருக்கு யார் சொன்னது, பதிவுசெய்த தேதி ஆகியவற்றைத் தலைப்பிலேயே குறித்துவையுங்கள். சொல்லைத் திருத்தாதீர்கள். புரியாத சொல் வந்தால் அவரிடமே கேட்டு ஓரத்தில் எழுதுங்கள். வகுப்பில் சொல்லும்போது நெற்றியை மாற்றிக்கொள்ளலாம், பதிவில் மாற்றக் கூடாது. ஆசிரியர்கள் இதையே வகுப்புக்கு ஒரு வேலையாகக் கொடுத்தால், ஒரு பள்ளியில் ஓராண்டில் சேர்வது ஒரு புத்தகத்துக்குக் காணும். மதிப்பெண் மட்டும் போடாதீர்கள்.